எலிசபெத் பண்ணை வீடு
பாரமட்டா, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா. கட்டப்பட்டது: 1793

ஜான் மெக்கார்தர், எலிசபெத் தம்பதியரின் வீடு இது. ராணுவ அதிகாரியான ஜானுக்கு இங்கே 100 ஏக்கர் நிலம் மானியமாகக் கிடைத்தது. அது பரமட்டகல் பூர்வகுடி மக்கள் வாழ்ந்துவந்த மண். அவர்களை யாரும் கேட்கவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளச் செம்மறிகளும், பின்னர் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்த மெரினோக்களும் தம்பதியரின் மந்தையில் சேர்ந்தன.

ஆளுநர் பிளையைப் பதவியிறக்கிய 1808ஆம் ஆண்டுக் கலகத்தில் பங்கேற்ற ஜான், 1809 முதல் 1817 வரை ஆஸ்திரேலியாவில் இல்லை. அக்காலம் முழுவதும் மந்தை, வரவு செலவு, வேலைசெய்த கைதிகள், கம்பளி ஏற்றுமதி அனைத்தையும் நடத்தியவர் எலிசபெத். 1966இல் வெளியான இரண்டு டாலர் நோட்டில் மெரினோ கிடாவுடன் அச்சானது என்னவோ ஜானின் முகம்தான்.