முதலில் ஆர்சி, பிறகு பானெட்

நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரிலோ உளுந்தூர்பேட்டையிலோ ஒரு குடும்பம் மூன்று, நான்கு லட்சத்துக்குப் பழைய கார் பார்க்கக் கிளம்பினால், தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளும். நல்ல வழக்கம்தான். அவர் பானெட்டைத் திறப்பார், ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து “இன்ஜின் ஓகே” என்பார். அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கை மாறிவிடும். ஆர்சியை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. இன்ஜின் கெட்டால் செலவு சில பத்தாயிரங்களில் முடியும். காகிதம் கெட்டால் காரே கையை விட்டுப் போகும். விபத்து நடந்துவிட்டால் வீடும் நிலமும்கூட வழக்கில் மாட்டும்.

பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில் ‘ஓப்பன் சைன்’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் விற்பவரிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, வாங்குபவர் பெயரை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். வண்டி இரண்டு மூன்று கை மாறும்; ஆர்சியில் முதல் ஆளின் பெயரே இருக்கும். இடையில் இருப்பவர்களுக்குச் செலவு மிச்சம். ஆபத்து முழுவதும் இரண்டு முனையில் இருப்பவர்களுக்கு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 50ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்பதை நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு காட்டியது. 2007இல் விற்கப்பட்ட கார் பல கை மாறி, 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்சியில் அப்போதும் முதல் உரிமையாளர் பெயர்தான். காரை விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரியது வாங்க நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் விற்பவருக்கு ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற கடையில் வண்டியை விட்டால், 29-சி படிவத்தை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அன்றிலிருந்து அந்த வணிகரே சட்டப்படி உரிமையாளர் நிலையில் வைக்கப்படுவார். கடையில் நுழைந்ததும் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கும் கடையில் காரைப் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆவணம் பார்ப்பதில் இந்த மண்ணுக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. திருநாவலூரில் பிறந்த சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர், சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததென்று ஓர் அடிமை ஓலையைக் காட்டினார்; சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்தார். கிழிந்தது படி ஓலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையினர் மூல ஓலையை வாங்கி, பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. கார் வாங்குகிறவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஜெராக்ஸைப் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது. அசல் ஆர்சியைக் கையில் வாங்கி, அதிலுள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பொறித்த இடத்தில் அரம் தேய்த்த தடமோ புது பெயிண்டோ தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு வண்டியை எத்தனை பேர் விற்றாலும் உங்களுக்கு உரிமை வராது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930 இடம் தருகிறது. காரை வைத்துக்கொள்ள இடம் தராது.

அடுத்து எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். பதிவான நாள், இன்ஷூரன்ஸ் முடியும் நாள், வண்டிமேல் கடன் பதிவு உள்ளதா என்பதெல்லாம் தெரியும். ‘ஹெச்.பி.’ இருந்தால், அதாவது வண்டி ஏதாவது வங்கியிடமோ ஃபைனான்ஸிடமோ அடமானத்தில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35ஆம் எண் படிவமும் வரும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். “டியூவை நான் கட்டிக்கறேன், நீங்க ஓட்டுங்க” என்ற வாய்ச்சொல்லை நம்பியவர்கள் வீட்டு வாசலில் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து நிற்பார்கள். போக்குவரத்து அபராதப் பாக்கியை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 13, 14 வயதுக் கார் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் வரப்போகிறது என்று பொருள்.

புதுச்சேரி நமக்குப் பக்கம். ‘பிஒய்’ எண் காரைக் குறைந்த விலைக்குக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும். ஆட்சேபணையின்மைச் சான்று வாங்கி இங்கே வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். டெல்லி டீசல் கார்களும் இப்படித்தான். பத்து ஆண்டு ஆன டீசல் கார்கள் தலைநகர்ப் பகுதியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்ட தடைக்குப் பிறகு, அவை மற்ற மாநிலங்களுக்கு விற்பனைக்குப் போயின. வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு பெரும்பாலும் காணாமல் போகும்.

வெள்ளத்தில் நின்ற கார் எங்கோ சென்னையில் இருக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கிப் போக்குவரத்து நின்றது. விழுப்புரம், கடலூர், புதுச்சேரி, நம் மாவட்டம் என எல்லாப் பக்கமும் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நனைந்தன. அவற்றில் பல பாலிஷ் போட்டு விற்பனைக்கு வரும். சீட் பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மறைந்திருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி குழியில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், முகப்பு விளக்குக்குள் நீர்த்தடம், ஏ.சி. போட்டதும் வரும் பூஞ்சை வாடை இவற்றில் ஒன்றிருந்தாலும் வேண்டாம். ஓடுகிற காரில் ஈரம் புகுந்த ஒயரிங் எப்போது கைவிடும் என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. இன்னொரு தடயம் பாலிசியிலேயே இருக்கிறது. கிளெய்ம் வாங்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஏழு வயதுக் காரின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால், எதற்காக கிளெய்ம் வாங்கினீர்கள் என்று நேராகக் கேளுங்கள்.

மீட்டரில் ஓடிய கிலோமீட்டரைக் குறைப்பது எளிது. நாற்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் காரில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் நம்பாதீர்கள். ஷோரூம் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எந்த ஆண்டின் எத்தனையாவது வாரத்தில் அது தயாரானது என்று சொல்லும். டி-போர்டாக வாடகைக்கு ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றிய வண்டிகளும் உண்டு. பழைய பதிவு விவரத்தைக் கேட்டால் வெளிவரும்.

குடும்பத்துக்கு வாங்குகிறோம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டிரைவர் ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல்; முன் இருக்கையில் பக்கத்தில் அமர்பவருக்கு 2022 தொடக்கத்திலிருந்து. அலாய் வீலும் பெரிய திரையும் உள்ள 2016 காரைவிட, சாதாரணமான 2019 கார் மேல். இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு நல்ல மேட்டில் ஓட்டிப் பாருங்கள். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறவேண்டிய வண்டியின் கிளட்சையும் பிரேக்கையும் சமதளத்துச் சாலையில் கணிக்க முடியாது. விலை பேசும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் புதிய சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய காரின் விலையை இன்றைய புதுக் கார் விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

வாங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு தானாக வரும். உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கான காப்பு வராது. விற்றவரின் போனஸும் அவரோடு போய்விடும்.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. வணிகரிடமோ நிறுவனத்திடமோ வாங்கியிருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். வக்கீல் கட்டாயமில்லை. தனி ஒருவரிடம் வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம். மீட்டரைத் திருத்தியது, போலி ஆவணம் போன்றவற்றுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ஆவது பிரிவில் காவல் நிலையத்தில் மோசடிப் புகார். இதற்கெல்லாம் சான்று வேண்டும். எனவே பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். விபத்தோ வெள்ளமோ இல்லை என்று எழுதி, ஒப்படைத்த நாளோடு நேரத்தையும் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும், கல்வராயன் மலையின் பழங்குடியினர் உள்ளிட்ட பட்டியல் இனத்தவர்க்கும் வருமான வரம்பு இல்லாமல் அந்த உதவி உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.