நம்பாதவர்களோடு சேர வந்த தம்பிக்கு

தேத்தண்ணியைக் குடி தம்பி, ஆறிவிடும். நீ கேட்டது ஒரு மடக்கில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அரநாயக்கப் பக்கத் தோட்டத்தில் பிறந்த பிள்ளை நீ. லயத்தில் தமிழ், கேகாலை டவுனில் வேலைசெய்யும் கடையில் சிங்களம். சாமி பற்றிய சந்தேகம் மட்டும் இத்தனை வருடமாக எந்த மொழியிலும் வெளியே வராமல் உள்ளேயே கிடந்தது. இப்போது உன்னைப் போல நம்பாதவர்கள் சிலரோடு பழக்கம் கிடைத்திருக்கிறது, தமிழரும் இருக்கிறார்கள், சிங்களவரும் இருக்கிறார்கள். "தமிழில் பேசினால் பாதிப் பேருக்கு விளங்கவில்லை, சிங்களத்தில் பேசினால் நான் சொல்ல வந்தது வேறு எதுவோ ஆகிவிடுகிறது" என்கிறாய்.

உன் சிங்களத்தில் குறை இல்லை. நம்பிக்கை வேறாக இருக்கிற வீடுகளில், அதை விட்டு வெளியே வருகிறதும் வேறாகத்தான் இருக்கும். உன் அம்மா கும்பிடுவதை நீ விட்டிருக்கிறாய். உன்னோடு வேலைசெய்யும் சிங்களப் பையன் விட்டது இன்னொன்றை. இரண்டு பேரும் "நான் நம்பவில்லை" என்கிறீர்கள், எதை என்று இன்னும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். நம் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்தபோது மாரியம்மனும் முனியாண்டியும் மதுரைவீரனும் மாடசாமியும் கூடவே வந்தார்கள். வந்த இடத்தில் வேலையே புதுச் சாமிகளை உண்டாக்கியது. தேயிலை ஸ்டோரின் பெரிய சக்கரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து வெட்டப் போகிற மலையில் கவ்வாத்துசாமி. கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரம், கால் வழுக்கும் சரிவு, அட்டை, பாம்பு, எட்டாத தூரத்தில் ஆஸ்பத்திரி. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு காவல் வேண்டியிருந்தது. உலகத்தைப் படைத்தது யார் என்ற கேள்விக்கு அந்தச் சாமிகள் பதில் இல்லை. இன்றைக்கு வேலைக்குப் போனவள் மாலையில் திரும்பி வருவாளா என்ற பயத்துக்குத்தான் அவர்கள் பதில். இதை மனத்தில் வைத்துக்கொள், அம்மாவோடு பேசும்போது உதவும்.

இந்தக் காவலுக்குள்ளேயே சாதியும் வந்தது. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, கரகம் யார் எடுப்பது, யார் வெளியே நிற்பது என்பதெல்லாம் அதோடு வந்தவை. தமிழில் நாத்திகம் பேசியவர்கள் சாதியிலிருந்து தொடங்கியதற்குக் காரணம் இதுதான். பெரியார் ஐரோப்பாவையும் சோவியத் ஒன்றியத்தையும் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் 1932 ஒக்டோபரில் கொழும்பில் இறங்கிப் பேசினார். அதையொட்டி இங்கே சுயமரியாதை இயக்கம் துளிர்த்தது. பிறகு ஏ. இளஞ்செழியன் போன்றோர் இலங்கைத் திராவிடர் முன்னேற்றக் கழகமாக அதைத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக நின்ற மக்களிடம் அவர்கள் பேசிய பேச்சில் கடவுள் மறுப்பு ஒரு பங்குதான், மீதியெல்லாம் மனிதன் நிமிர்ந்து நிற்பதைப் பற்றியது. 1962இல் அரசு அந்த இயக்கத்தைத் தடை செய்தது. இவ்வளவு நடந்த இடத்தில் நீ பிறந்திருக்கிறாய், பாடப்புத்தகத்தில் இது உனக்குக் கிடைத்திருக்காது. அதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம்.

இனி இன்னொரு பக்கம். இங்கே ஒருவரைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். ஏனென்றால் அவரும் வேறு மொழிக்காரராக வந்து சேர்ந்தவர். ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். தாய்மொழி மலையாளம். கல்கத்தாவில் படித்தார். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார், தாவரவியல் அவருடைய பாடம். பின்னர் காலி ரிச்மண்ட், கல்கிசை சென் தோமஸ், கொழும்பு தேர்ஸ்டன் என்று தீவின் பல பக்கங்களிலும் படிப்பித்து 1959இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பிறகுதான் அவருடைய பெரிய வேலை தொடங்கியது. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராகி, 1978இல் இறக்கும்வரை அந்தப் பணியிலேயே இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாதிரியாரின் மகன்தானே என்று அதிபர் அவரிடம் வேதாகம வகுப்பை ஒப்படைத்தார். பிள்ளைகள் எல்லோரும் நன்றாகச் சித்தியடைந்தார்கள். ஆனால் அடுத்த வருடம் வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்பட்டது: பரீட்சையில் வென்ற பிள்ளைகள் விசுவாசத்தில் தோற்றுவிட்டார்களாம். இன்றைக்கும் நம் நாட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். உன் தங்கச்சி அந்தப் பாடத்தை நன்றாகப் படிக்கட்டும். ஒரு சமயத்தை உள்ளேயிருந்து தெரிந்துகொள்வது நம்பாதவருக்கும் பெரிய பலம், கோவூரின் பலமும் அதுவே.

1963இல் அவர் ஒரு இலட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். மூடிய உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைப் படிப்பது, தணலின்மேல் அரை நிமிடம் அசையாமல் கொப்புளம் போடாமல் நிற்பது போன்ற எதையாவது ஏமாற்று வழிகளுக்கு இடமில்லாதபடி செய்து காட்டுகிறவருக்கு அந்தப் பணம். அவர் சாகும்வரை யாரும் வாங்கவில்லை. இது எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் பேய் வீடுகளுக்குப் போன விதம். கூரையில் கல் விழுகிறது, துணி தானாகத் தீப்பிடிக்கிறது என்று ஆட்கள் கூப்பிடுவார்கள். அவர் போய் வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார். கடைசியில் அந்த வீட்டிலேயே சொல்ல முடியாத துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம்தான், பல வேளை ஒரு சிறு பிள்ளையிடமோ இளம் பெண்ணிடமோதான், காரணம் இருக்கும். அவர்களைக் காட்டிக்கொடுத்து அவமானப்படுத்தாமல், அந்தத் துன்பத்துக்கு வழி தேடுவார். சாமியார்களோடு மோதும்போது அவர் நாக்கு கூர்மையானது, கல்லெறிந்த பிள்ளையிடம் அது மென்மையாகிவிடும். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். நீ இரண்டையும் பிடித்துக்கொள்.

அவருடைய அனுபவக் குறிப்பு ஒன்றிலிருந்துதான் 1972இல் 'புனர்ஜென்மம்' என்ற மலையாளப் படம் வந்தது. மறுவருடம் அதுவே தமிழில் 'மறுபிறவி' ஆனது.

மறுபிறவி என்றதும் உன் கேள்விக்கு நேராக வந்துவிடுகிறோம். பௌத்தம் படைத்தவர் ஒருவரைப் போதிப்பதில்லை. விகாரையில் தேவாலயம் இருக்கும், விஷ்ணுவும் கதிர்காமத் தெய்வமும் இருப்பார்கள், ஆனால் அவர்களும் கர்மத்துக்கு உட்பட்டவர்கள். அதனால் உன் சிங்கள நண்பன் தன் வீட்டில் "உலகத்தைப் படைத்த கடவுள் இல்லை" என்றால் யாரும் திடுக்கிட மாட்டார்கள், பன்சலையின் பிக்குவே தலையாட்டலாம். அவன் "மறுபிறவி இல்லை, போன பிறவியின் வினை என்று ஒன்று இல்லை" என்று சொல்லும்போதுதான் வீடு அமைதியாகிவிடும். நீ அவர்களிடம் கடவுள் மறுப்பை உரக்கப் பேசினாய், அவர்கள் அதற்கென்ன என்று பார்த்தார்கள். உன் பேச்சு வேறு எதுவோ ஆனது அந்த இடத்தில்தான்.

இந்த நாட்டில் பகுத்தறிவாளர்கள் மறுபிறவிக் கதைகளோடு இவ்வளவு மல்லுக்கட்டியதும் அதனால்தான். அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இங்கே வந்து, முன்பிறவியை நினைவுகூர்வதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளைப் பற்றித் தகவல் திரட்டி, பத்து இலங்கைச் சம்பவங்களை 1977இல் தனி நூலாகவே வெளியிட்டார். கோவூர் அப்படிப்பட்ட கதைகளை ஏற்கவில்லை. பிள்ளைக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், எந்தத் தகவல் முன்பே வீட்டுக்கு வந்திருந்தது என்று கேட்டார். உனக்கும் அந்தக் கேள்விகளே போதும்.

இரண்டு மொழிக்காரரும் ஒன்றாக நிற்கும் இடம் கதிர்காமம். அங்கே தீமிதிப்பில் தமிழர் காலும் சிங்களவர் காலும் ஒரே தணலில் படுகின்றன. உடலியல் பேராசிரியர் கார்லோ பொன்சேகா அதை ஆராய்ந்தார். தணலில் கால் எவ்வளவு நேரம் படுகிறது, பாதத் தோல் எவ்வளவு தடிப்பு என்று பார்த்தார். விரதம் எதுவும் இல்லாமல், இறைச்சி தின்று சாராயம் குடித்தவர்களும் அதே தணலில் நடக்கலாம் என்று செய்து காட்டினார். கரித் தணல் சூட்டை மெல்லத்தான் கடத்தும், கால் படுவதோ ஒரு நொடிக்கும் குறைவு. வெறுங்காலோடு வளர்ந்து தடித்த பாதம் அதைத் தாங்கிவிடும். இதை அம்மாவிடம் சொல்லும்போது, மிதித்தவரின் மன உறுதியைக் குறைத்துச் சொல்லாதே. தணலைப் பார்த்தபடி முதல் அடி வைப்பதற்குத் துணிவு வேண்டும், அது பொய் இல்லை.

இன்னொரு இடமும் உண்டு. சாவு வீடு. சிங்கள வீட்டில் ஏழாம் நாள், மூன்றாம் மாதம் தானம் கொடுத்து இறந்தவருக்குப் புண்ணியம் சேர்ப்பார்கள். நம் வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி. நம்பாதவருக்கு இரண்டு மொழியிலும் மிகக் கடினமான நாள் அதுவே. பேச்சில் மறுப்பது எளிது, அப்பாவின் கருமாதியில் விலகி நிற்பது எளிதல்ல. கோவூர் தனக்கு எந்தச் சடங்கும் வேண்டாம் என்று முன்பே எழுதிவைத்தார். கண்களைத் தானம் கொடுத்தார், உடல் கொழும்பு மருத்துவ பீடத்துக்குப் போனது, எலும்புக்கூடு தான் படிப்பித்த தேர்ஸ்டன் கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது அவர் விருப்பம். அது தன் உடலைப் பற்றி அவர் எடுத்த முடிவு. அப்பாவின் சாவில் அப்பாவின் விருப்பம்தான் நடக்கவேண்டும் என்பது என் எண்ணம். மொட்டை அடிக்கச் சொன்னால் அடி, சாம்பலைக் கரைக்கச் சொன்னால் கரை. உன் நேர்மை அதில் குறைந்துபோகாது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சுதந்திரம் கொடுக்கிறது, அதற்கு எந்த மட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. ஆகவே நீ நம்பாமல் இருப்பது முழுக்க உன் உரிமை. எழுதி வெளியிடுவது வேறு. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது, அதில் பிடிபட்டால் மேல் நீதிமன்றம்தான் பிணை தரமுடியும். நமக்குப் பக்கத்துப் பொல்கஹவெலவில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, ஓகஸ்ட் வரை சிறையில் இருந்தார். வெறுப்பை அடக்கச் செய்த சட்டம் ஒரு கதைக்காரர்மேல் பாய்ந்தது பெரிய அநியாயம். நீ பேசாமல் இரு என்று சொல்ல வரவில்லை. ஆதாரத்தோடு பேசு, ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேள், அதை நம்புகிற ஆட்களை இழிவாகப் பேசாதே. கோபம் வந்த இரவில் எழுதியதைக் காலையில் ஒருமுறை படித்துப் பார்.

எண்ணிக்கையில் நீங்கள் எத்தனை பேர் என்று கேட்டாய். 2012 குடிசனக் கணக்கெடுப்பில் பௌத்தர் 70 வீதம், இந்துக்கள் 12.6 வீதம் என்று வரிசை இருக்கிறது. சமயம் இல்லாதவர் என்று தனி வகை இல்லை. உன்னையும் பிறந்த வீட்டின் கணக்கில்தான் சேர்த்திருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொருவரும் தன் ஊரில் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, உன்னால் செய்யக்கூடிய ஒன்று. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்கள்மேல் விழுந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இறந்தவரும் காணாமற்போனவருமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பக்கத் தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. சிங்களத்தில் அது கர்மம் என்றார்கள், தமிழில் சாமி கோபம் என்றார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் போய் அப்போது விவாதம் செய்ய யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் அடுத்த மழைக்கு முன்னால் பேசலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு அளவுகள் வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் கிளம்ப ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு. இந்த மூன்று எண்களையும் லயத்தில் தமிழிலும் கீழே கிராமத்தில் சிங்களத்திலும் நீ ஒருவனே விளக்கமுடியும், யாருடைய சாமியையும் தொடாமல். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டால், மரங்கள் சாய்ந்தால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ நின்றுபோனாலோ, எண்களுக்குக் காத்திருக்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்.