கடலோரத்தில் ஒரு கல்விக்கூடம்

பள்ளிக்குப் புதிதாக வரும் குழந்தை, ஆசிரியரின் குரலைக் கேட்கும் முன்னரே கட்டடத்தைக் காண்கிறது. வாயில் எத்துணை உயரம், நடைவழி எத்துணை நீளம், ஒதுங்கி நிற்கத் தனக்கென ஓர் இடம் உண்டா என்பனவற்றை அதன் கண்கள் நொடியில் அளந்துவிடுகின்றன. ‘இங்கு நீ வேண்டப்பட்டவன்’ என்றோ, ‘ஆயிரத்தில் நீ ஒருவன்’ என்றோ கட்டடம் வாய் திறவாமலே சொல்லிவிடுகிறது. ஆகவே, பள்ளிக்கூடம் எழுப்புவது கல்லும் சுண்ணமும் சார்ந்த வினை மட்டுமன்று; குழந்தையைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தின் வெளிப்பாடும் ஆகும்.

இதற்குச் சான்றாக டென்மார்க்கின் தலைநகரில் எழுந்துள்ள ஒரு பள்ளியை நோக்குவோம். கோப்பன்ஹேகன் பன்னாட்டுப் பள்ளி 1963ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. ஹெல்லெரூப் என்னும் பகுதியில் நெடுங்காலம் இயங்கிய அப்பள்ளி, 2017இல் நோர்ட்ஹாவ்ன் பகுதியிலுள்ள புதிய வளாகத்திற்குக் குடியேறியது. நோர்ட்ஹாவ்ன் என்பதற்கு ‘வடதுறைமுகம்’ என்பது பொருள். சரக்குகளும் கிடங்குகளும் நிறைந்திருந்த அத்துறைமுகப் பகுதி, இன்று மக்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதியாக உருமாறி வருகிறது. அங்கே, நீரின் விளிம்பிலேயே பள்ளி நிற்கின்றது. அதனை வடிவமைத்தோர், 1924 முதல் அந்நாட்டில் புகழ்பெற்று விளங்கும் சி.எஃப். மொல்லர் கட்டடக்கலை நிறுவனத்தார்.

அவர்கள் முன் இருந்த இடர்ப்பாடு யாது? மழலையர் முதல் மேல்நிலை வகுப்பினர் வரை 1,200 மாணாக்கருக்கும் 280 பணியாளருக்கும் இடம் வேண்டும். இத்தகைய பன்னாட்டுப் பள்ளிகளில் பயில்வோருள் பலர், பெற்றோரின் பணி மாறுந்தோறும் நாடு மாறும் பிள்ளைகள். பழகிய தோழரையும் தெருவையும் விட்டுவிட்டு, ஆண்டின் நடுவில், மொழி புரியாத ஊரில் வந்து இறங்குவர். அத்தகைய குழந்தையை ஒரு மாபெரும் மாளிகையின் முடிவில்லா நடைவழியில் நிறுத்தினால், அதன் உள்ளம் என்ன பாடுபடும்!

எனவே அவர்கள் பெரியதைச் சிறியதாக்கினர். ஒரே நீண்ட கட்டடமாக எழுப்பாது, ஐந்து முதல் ஏழு மாடி வரை உயரமுள்ள நான்கு கோபுரங்களாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வளர்ச்சிப் பருவத்துப் பிள்ளைகளின் தேவைக்கேற்ப அமைந்தது. மழலைக்கு வேண்டுவது வேறு. பதினாறு வயது இளைஞனுக்கு வேண்டுவது வேறன்றோ? சராசரியாகப் பார்த்தால் ஒரு கோபுரத்துக்கு முந்நூறு பேர். ஆயிரத்து இருநூறு பேரிடையே தொலைந்துபோகும் பிள்ளை, முந்நூறு பேரிடையே தன் பெயர் சொல்லி அழைக்கப்படும்.

பகுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நான்கு கோபுரங்களையும் ஒரே அடித்தளம் தாங்குகிறது. நூலகம், உணவுக்கூடம், விளையாட்டரங்கம், கலையரங்கம் ஆகியவை அங்கு எல்லார்க்கும் பொது. தமக்கென ஒரு வீடு, எல்லார்க்கும் ஒரு முற்றம் என்னும் நல்ல குடும்ப ஒழுங்கே இது. அவ்வடித்தளத்தின் மேற்கூரையே விளையாட்டுத் திடல். நீர்நிலையை ஒட்டிய பள்ளியில் குழந்தை தவறி விழாமலும், கடற்காற்று வாட்டாமலும் காக்க இதனினும் எளிய வழி உண்டோ?

இனி, காண்போர் கண்ணைக் கவரும் சுவர்களுக்கு வருவோம். கட்டடத்தின் வெளிப்புறத்தை ஏறத்தாழ 12,000 சூரிய மின்தகடுகள் போர்த்தியுள்ளன. அவற்றின் மொத்தப் பரப்பு 6,048 சதுர மீட்டர். அவை கடல்நீரையொத்த பசுநீல நிறத்தில் ஒளிர்கின்றன. ஆயினும் கண்ணாடியில் சாயம் ஏதும் பூசப்படவில்லை! மயில்தோகையும் சோப்புக் குமிழியும் போலவே, மிக மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டு மீள்வதால் இந்நிறம் தோன்றுகிறது. தகடுகள் சற்றே வெவ்வேறு சாய்வில் பொருத்தப்பட்டிருப்பதால், ஒளி மாறுந்தோறும் சுவரும் மாறித் தோன்றுகிறது.

கூரையை விடுத்துச் சுவரில் ஏன் பதித்தனர் என வினவலாம். அந்நகரம் நிலநடுக்கோட்டிற்கு வெகுதூரம் வடக்கே உள்ளது. மார்கழியில் நண்பகலிலும் கதிரவன் அடிவானிலிருந்து 11 பாகை அளவே எழுகிறான். தாழ்ந்து வரும் அக்கதிரை நேரே எதிர்கொள்வது சுவரே. ஆண்டொன்றுக்கு மூன்று லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். பள்ளியின் மின்தேவையில் பாதிக்கு மேல் அதனால் நிறைவேறும் என வடிவமைத்தோர் கணக்கிட்டனர். மின் உற்பத்தியைக் கவனித்தறிவது மாணாக்கரின் பாடத்திலும் இடம்பெற்றுள்ளது. சுவரே பாடநூலாகிவிட்டது.

குறைகளையும் கூறுதல் கடமை. நிறமூட்டிய கண்ணாடி, கறுப்புத் தகட்டைவிடச் சற்றுக் குறைவாகவே மின்சாரம் தரும். மேலும் இது கட்டணம் செலுத்திப் பயிலும் தனியார் பள்ளி, எல்லார்க்கும் எட்டுவதன்று. ஆயினும் நீரோரத்தை மதிலால் அடைத்து உரிமை கொண்டாடாமல், பள்ளியைச் சுற்றிய துறைமுக நடைபாதையைப் பொதுமக்களுக்குத் திறந்து விட்டுள்ளனர். பள்ளி நேரத்துக்குப் பின் அக்கம்பக்கத்தாரும் பயன்கொள்ளும் வகையில் வளாகம் திட்டமிடப்பட்டது. பன்னாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி, பக்கத்துத் தெருவினரை வெளியே நிறுத்தினால் அப்பெயருக்குப் பொருள் என்ன?

பெற்றோரே, பளபளக்கும் முகப்பையும் பெயர்ப்பலகையையும் கண்டு பள்ளியைத் தேர்ந்தெடுக்காதீர். உள்ளே செல்லுங்கள். சிறு குழந்தை ஓடி விளையாடப் பாதுகாப்பான இடம் உண்டா? தனித்து நிற்கும் பிள்ளையைக் கண்டு அழைக்கும் அளவுக்கு அக்கூடம் சிறியதா? எல்லாரும் கூடி உண்ணும் அளவுக்குப் பெரியதா? இவற்றைக் கேளுங்கள். இதற்குப் பன்னிரண்டாயிரம் தகடுகள் வேண்டியதில்லை. ஓலைக் கூரையாயினும் போதும். அதனைக் கட்டியவர் குழந்தையை எண்ணிக் கட்டியிருத்தல் வேண்டும்.