மடை திறக்காத தசை

கண்ணுக்குத் தெரியாதவை – 12

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை நம்பி இருபோகம் விளையும் நெல் வயல் 14,707 ஏக்கர். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாள்களில், நள்ளிரவானாலும் எழுந்து போய் மடையைத் திறந்துவிட்டு வந்தாக வேண்டும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியைத் தேடி நல்ல பாம்பு வரும். ‘பூச்சி கடிச்சிருச்சு’ என்று வரப்பிலிருந்து தூக்கி வரப்படுகிறவர்களைக் கம்பம் அரசு மருத்துவமனையும், க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நன்றாக அறியும்.

அப்படி வந்தவரிடம் மருத்துவர் கடிவாயை மட்டும் பார்ப்பதில்லை. “ஐயா, தலையை அசைக்காம மேலே பாருங்க” என்பார். ஐயா பார்க்கத்தான் முயல்வார். இமை பாதியில் நின்றுவிடும். “ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க” என்பார். முதலில் இருபதைத் தாண்டியவர் சற்று நேரம் கழித்துப் பத்துப் பன்னிரண்டிலேயே மூச்சு வாங்கினால், தொண்டைக்குள் குழாய் இறக்க ஆயத்தமாகிவிடுவார்கள். அவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. பேசுவது கேட்கிறது, வலி தெரிகிறது. மூளையிலிருந்து கட்டளை புறப்பட்டு நரம்பின் கடைக்கோடிவரை வந்தும் சேர்கிறது. தசைதான் அசையவில்லை.

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது தசையின் மேல் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் நல்ல பாம்பின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

தசைச் செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சோடியம் போன்ற மின்னூட்டம் கொண்ட அணுக்கள், அதாவது அயனிகள், இந்தச் சவ்வைத் தாமாகக் கடக்க முடியாது. வெளியே சோடியம் மிகுந்து நிற்கிறது. உள்ளே குறைவு, போதாததற்கு எதிர் மின்னழுத்தம் வேறு. தேங்கிய தண்ணீருக்கும் காய்ந்த வயலுக்கும் நடுவே மடை நிற்பதுபோல, அயனிக் கால்வாய் என்ற புரதம் அந்தச் சவ்வின் குறுக்கே நிற்கிறது. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை விட்டு அமைந்தது இது. வெளிப்புறத்தில் இரண்டு இடங்களில் அசிட்டைல்கோலின் வந்து அமர்ந்தால் துண்டுகள் சற்றே திரும்பித் துளை திறக்கும். அசிட்டைல்கோலினை ஏற்றுத் திறப்பதால் இந்தக் கால்வாய்க்கு அசிட்டைல்கோலின் ஏற்பி என்றும் பெயர். திறந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்துவிடும். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் இப்படிப்பட்ட கால்வாய்கள் லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் திறக்கும்போது தசை சுருங்குகிறது. இமை தூக்குவதும் மூச்சு இழுப்பதும் இதனால்தான்.

ஒற்றைக் கால்வாய் திறந்து மூடுவதை மனிதர்கள் நேரில் அளந்தது 1976இல். ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் நேயரும் பெர்ட் சக்மனும் நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையைத் தவளைத் தசையின் மேல் வைத்து அந்தத் துளி மின்சாரத்தைப் பிடித்தார்கள். 1991இல் நோபல் பரிசு வந்தது. அவர்கள் அளந்ததும் இதே அசிட்டைல்கோலின் ஏற்பியைத்தான்.

நாகத்தின் நரம்பு நச்சு, அசிட்டைல்கோலின் அமர வேண்டிய அதே இடத்தில் ஏறி அமர்ந்து இறங்க மறுக்கிறது. துளை திறப்பதில்லை. மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இதுவே. நியோஸ்டிக்மின் அசிட்டைல்கோலின் சிதைவதைத் தடுத்து, அதன் அளவைக் கூட்டி, நச்சோடு போட்டி போட வைக்கிறது. அதனால் வரும் பக்கவிளைவுகளை அட்ரோபின் அடக்குகிறது. மருந்து ஏறியபின் தொங்கிய இமை மெல்ல உயர்வதைப் பக்கத்தில் நிற்கும் குடும்பமே பார்க்கலாம்.

இவ்வளவு பிடிவாதமாக ஒரே புரதத்தைப் பிடிக்கும் பொருள் விஞ்ஞானிக்குக் கிடைத்தால் விடுவாரா? அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர் இந்த ஏற்பிக்கு எதிர்ப்பொருள், அதாவது அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் செய்யும் புரதம், உண்டாக்க விரும்பினார்கள். அதற்கு ஏற்பி தூய்மையாக, நிறைய வேண்டும். சாதாரணத் தசையில் அது மிகக் குறைவு. ஆகவே தென் அமெரிக்க மின்விலாங்கிடம் போனார்கள். அதன் மின் உறுப்பு, தசையே உருமாறி வந்தது; இந்த ஏற்பிகள் அதில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். உறுப்பை அரைத்துச் சவ்வுகளைப் பிரித்தெடுத்து, டிடர்ஜென்ட் கரைசலில் கரைத்தார்கள். நாகத்தின் நச்சை நுண்ணிய மணிகளில் ஒட்டி வைத்து, அவற்றின் வழியே கரைசலை ஓடவிட்டார்கள். மற்றதெல்லாம் ஓடிப்போக, ஏற்பி மட்டும் நச்சில் ஒட்டிக்கொண்டது. வடிவம் குலைந்த ஏற்பியை நச்சு சரியாகப் பிடிக்காது என்பதால், உருக்குலையாதவை தாமாகவே தேர்ந்து வந்தன. நம்மைக் கொல்லும் நச்சு, ஆய்வகத்தில் இவ்வளவு நேர்த்தியான கருவியானதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

அந்தப் புரதத்தை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். எதிர்ப்பொருள் நன்றாக உருவானது. ஆனால் முயல்கள் துவண்டு விழுந்தன, சில இறந்தன. நியோஸ்டிக்மின் வகை மருந்தைக் கொடுத்ததும் துவண்டவை எழுந்து நின்றன. 1973இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்தச் செய்தி, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற மனித நோயின் முடிச்சை அவிழ்த்தது. இமை தொங்கும், மாலையானால் மெல்ல முடியாது, விழுங்க முடியாது, சிலருக்கு மூச்சே நின்றுபோகும். நாகம் தீண்டாமலே நாகம் தீண்டிய அதே கோலம். அந்த நோயாளிகளின் உடல் தன் ஏற்பிகளுக்கே எதிர்ப்பொருள் செய்கிறது என்பது சில ஆண்டுகளிலேயே உறுதியானது.

மின்விலாங்கின் ஏற்பி முயலுக்கு அந்நியமாகத் தெரியும் அளவுக்கு வேறுபட்டது. அதற்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் முயலின் சொந்த ஏற்பியையே தாக்கும் அளவுக்கு ஒத்தது. அயனிக் கால்வாய்களுக்கு எதிர்ப்பொருள் தேடுகிற எல்லோரும் இன்றும் தடுமாறும் இடம் இது. எலி, முயல், மனிதர் எல்லோரிடமும் இவை ஏறக்குறைய ஒன்றே. தன்னைப்போல இருப்பதை உடல் எதிர்க்காது. அதனால்தான் சிலர் பரிணாமத்தில் தள்ளி நிற்கும் கோழியிடம் போகிறார்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை, ஊசியாகப் போட வேண்டிய கால்வாயைத் தயாரிப்பதில் இருக்கிறது. அசிட்டைல்கோலின் ஏற்பிக்குச் சவ்வின் வெளியே பெரிய தலை உண்டு. அது நம் அதிர்ஷ்டம். வலியைக் கடத்தும் சோடியக் கால்வாய்களுக்கு அப்படியில்லை. பெரும்பகுதி கொழுப்புக்குள் புதைந்து, சிறு வளையங்கள் மட்டுமே வெளியே தெரியும். கொழுப்பிலிருந்து பிடுங்கினால் வடிவம் கலைந்துவிடும். கலைந்த வடிவத்தைக் காட்டி வாங்கிய எதிர்ப்பொருளுக்கு, உயிருள்ள செல்லில் நிற்கும் நிஜக் கால்வாயை அடையாளம் தெரிவதில்லை. அசிட்டைல்கோலின் ஏற்பியையே உருக்குலைத்து ஊசியாகப் போட்டால் விலங்குகளுக்கு நோய் வருவதில்லை என்பது 1970களிலேயே தெரிந்துவிட்டது.

பாகிஸ்தானில் பிறவியிலேயே வலி அறியாத சில குடும்பங்களிடம் Nav1.7 என்ற சோடியக் கால்வாய் பழுதாகியிருப்பதை 2006இல் கண்டுபிடித்தார்கள். அதை அடைத்தால் வலி போகும் என்று உலகமே பாய்ந்தது. அந்தக் கால்வாயின் ஒரு சிறு துண்டை மட்டும் செய்து, அதற்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள் ஒன்று 2014இல் பெரும் பரபரப்போடு அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் வேறொரு குழு அதே எதிர்ப்பொருளைப் புதிதாகச் செய்து பார்த்தபோது, அது கால்வாயைப் பிடிக்கவே இல்லை. என் பார்வையில் இந்தத் துறையில் அவசரப்படுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.

இப்போது கால்வாயை அதன் கொழுப்போடு சேர்த்தே எடுக்கிறார்கள். சவ்வின் ஒரு நுண்துணுக்கைச் சுற்றிப் புரதத்தால் பட்டை கட்டி, அதற்குள் கால்வாயை நிறுத்துவது ஒரு வழி. இதற்கு நானோடிஸ்க் என்று பெயர். உள்ளே நோய் பரப்பும் சரக்கு ஏதும் இல்லாத வைரஸ் கூடுகளைச் செல்லிலிருந்து முளைக்கவிட்டு, அவை போகிற போக்கில் சவ்வையும் கால்வாயையும் போர்த்திக்கொண்டு வரச் செய்வது இன்னொரு வழி. கால்வாயின் மரபணுவையே விலங்குக்கு ஏற்றி, அதன் செல்களையே அதைச் செய்ய வைப்பதும் உண்டு.

கால்வாயைச் சவ்வோடு வைத்துப் பார்க்கும் இந்தப் பக்குவத்தின் அருமை மயஸ்தீனியா நோயாளிகளுக்குத் தெரியும். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தசையின் ஏற்பியை டிடர்ஜென்டில் கரைத்து, கட்டுவிரியன் இனப் பாம்பின் நச்சில் கதிரியக்க அடையாளம் சேர்த்து ஒட்டி, நோயாளியின் ரத்தம் அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லா அறிகுறியும் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வந்து அலைந்தவர்கள் ஏராளம். 2008இல் ஆக்ஸ்போர்டில் ஆஞ்சலா வின்சென்ட்டின் குழு, உயிருள்ள செல்லின் சவ்வில் ஏற்பிகளைத் தசையில் இருப்பதுபோலவே நெருக்கமாகக் கூட்டி நிறுத்திச் சோதித்தது. அதுவரை ‘இல்லை’ என்று அனுப்பப்பட்டவர்களில் பலரது ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தது தெரிந்தது.

இனி நம் வயலுக்குத் திரும்பலாம். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020இல் வெளிவந்த ஆய்வு. தமிழக அரசு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. நம் விஷமுறிவு மருந்து, குதிரைக்கு நச்சைச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த நச்சைத் தருவதில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உண்டு. அந்த மருந்தால் பிழைத்தவர்கள் கணக்கில்லை. ஆனால் அதிலுள்ள எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதிதான் நச்சைத் தேடிப் போகும். குதிரைப் புரதத்தால் ஒவ்வாமையும் வரும்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழுவும் சேர்ந்து ஒரு மனித எதிர்ப்பொருளை வெளியிட்டன. நாகம், கட்டுவிரியன் இனம், ஆப்பிரிக்காவின் கறுப்பு மாம்பா ஆகியவற்றின் விஷம் ஏற்றிய எலிகளை அது காப்பாற்றியது. அதன் வடிவத்தை ஆராய்ந்தபோது, நச்சைப் பிடிக்கும் இடத்தில் அது அசிட்டைல்கோலின் ஏற்பியைப் போலவே அமைந்திருந்தது. தசையின் கால்வாயைத் தேடி வரும் நச்சு, வழியிலேயே இதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஏற்பியைத் தொடாமலே ஏற்பியைக் காப்பது எனக்கு மிகவும் பிடித்த தீர்வு.

இது இன்னும் மருந்தாகவில்லை. நாகத்தின் விஷத்தில் சதையை அழிக்கும் வேறு நச்சுகளும் உண்டு. அவற்றை இது தடுக்காது. கண்ணாடி விரியன் ரத்தத்தை உறையவிடாமல் செய்வதும் இதன் எல்லைக்கு வெளியே. ஆகவே கம்பத்திலிருந்து க.விலக்குவரை உள்ள சுமார் 50 கிலோமீட்டர் சாலையில், ஆம்புலன்ஸில் மூச்சுப்பையை அழுத்தத் தெரிந்த ஓர் ஆள் இருப்பது இன்றைக்கு எந்தப் புதிய எதிர்ப்பொருளையும்விட அவசியம். நம் கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அதன் முக்கிய நச்சு தசையின் கால்வாயை விட்டுவிட்டு, நரம்பு முனையையே சிதைக்கிறது. நியோஸ்டிக்மின் பெரும்பாலும் பலிப்பதில்லை. அந்த முனை மறுபடி வளர்வது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.