கார் கைவசம் – 17: நடு நட்டைத் தொடாதே

காரின் முன்பக்க ஸ்ட்ரட்டை மாற்றும் வேலையில் பத்துப் பதினைந்து நட், போல்ட் கழற்ற வேண்டியிருக்கும். ஆளைக் கொல்லக்கூடியது அதில் ஒன்றே ஒன்றுதான். பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் தகரம் உருண்டையாக மேடு தட்டிய இடம் தெரியும். அந்த வட்டத்தில் இரண்டோ மூன்றோ சின்ன நட்டுகள். நட்டநடுவில், சில வண்டிகளில் ரப்பர் மூடிக்கு அடியில், பெரிதாக ஒன்று. புதிதாக ஸ்பானர் பிடிக்கிறவன் கை நேரே அந்தப் பெரியதற்குத்தான் போகும்.

“மாமா, இதத்தான மொதல்ல கழட்டணும்?”

“அதத் தொடாதடா.”

பனமலையில் அக்கா வீட்டு வாசலில் நடந்த வேலை இது. அக்கா மகன் விழுப்புரத்தில் டிப்ளமோ படிக்கிறான். ஏன் தொடக்கூடாது என்று சொல்லாமல் விட்டால் நான் டீ குடிக்கப் போகும் நேரத்தில் கழற்றிவிடுகிற வயசு. அதனால் வேலையை நிறுத்திவிட்டு, ஸ்ட்ரட் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தோம்.

வில்வண்டியில் போன தலைமுறைக்கு இது பாதி தெரிந்த விஷயம். அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள் குழியின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பட்டையோடு பட்டை உரசுவதால் ஆட்டமும் தானாக அடங்கும். அம்பாசடரின் பின்பக்கத்திலும் இன்றைய லாரிகளிலும் இருக்கும் கமான் பட்டை அதேதான். சுருள் ஸ்பிரிங்கில் அந்த உரசல் கிடையாது. ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கினால் வண்டி அடுத்த தெரு வரை குதித்துக்கொண்டே போகும். அதை அடக்கத்தான் ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் பொடித் துளைகள். துளை வழியாக எண்ணெய் திணறிப் போகும்போது குதிப்பின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும்.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தூணாகச் சேர்த்து, சக்கரத்தைத் தாங்கும் வேலையையும் அந்தத் தூணுக்கே கொடுத்தவர் எர்ல் மக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சின்னக் காருக்காக யோசித்தது. அந்தக் கார் சந்தைக்கே வரவில்லை. 1947-இல் அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950-இல் இங்கிலாந்து ஃபோர்டு காட்சிக்கு வைத்த கான்சல், செஃபிர் கார்களில் இந்த அமைப்பு வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் முன்சக்கரங்களிலும் இதுதான். இன்றைக்கு ஊரில் ஓடும் சின்னக் கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் முன்னால் இருப்பது இதுவே.

இனி அந்த நடு நட். ஸ்பிரிங்கை அமுக்கித் தூணுக்குள் அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான். சின்னக் கார் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்கச் சுமார் 2 கிலோ விசை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் அது திருப்பித் தள்ளும் விசை 240 கிலோ. அதில் அடைபட்டிருக்கும் சக்தி, 14 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் வருகிற அளவு. கல்லாவது கீழேதான் விழும். ஸ்பிரிங் முகம் இருக்கிற பக்கமாகப் பாயும். பட்டறைகளில் சிலர் ஸ்பிரிங்கைக் கம்பியால் கட்டிவிட்டு, காலால் மிதித்துக்கொண்டு நட்டைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷமாக ஒன்றும் ஆனதில்லை என்பார்கள். அவர்களிடம் விவாதிக்காமல் பத்தடி தள்ளி நின்றுகொள்வது என் பழக்கம்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? கடைக்காரர் சொன்னார் என்பதற்காக ஸ்ட்ரட் வாங்காதீர்கள். குழியில் இறங்கும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டெபிலைசர் லிங்க்கை. அடுத்து லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். ஸ்ட்ரட்டோடு ஒப்பிட்டால் எல்லாம் மலிவான சாமான். ஷாக் போனதற்கு அடையாளம் வேறு. பிரேக் பிடித்தால் மூக்கு தரையில் முட்டுகிற மாதிரி இறங்கும். டயரின் பட்டனை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாக நெருடும். மூலையை அமுக்கி விட்டால் ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டிய வண்டி, இரண்டு மூன்று தடவை ஆடும். ஷாக்கின் உடம்பில் லேசான எண்ணெய்ப் பூச்சும் தூசும் இருந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழிந்து சொட்டினால் முடிந்தது.

ஸ்பிரிங் பொதுவாக ஷாக்கை விடக் கெட்டி. ஆனாலும் மரக்காணம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று அடிச்சுற்றில் பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்துத் தின்னும். அடுத்த வருஷம் ஒரு வேகத்தடையில் ‘டப்’ என்று ஒடியும். திண்டிவனத்துக்கு மல்லாட்டை மூட்டைகளைக் காரிலேயே ஏற்றிப் போகிறவர்களின் பின் ஸ்பிரிங் ஒடியாமலே உட்கார்ந்துவிடும். எது போனாலும் இடம் வலம் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். துளை போட்டு, எண்ணெய் ஊற்றி, வெல்டிங் வைத்துத் தருகிற ‘ரீகண்டிஷன்’ ஷாக்கை நான் வாங்க மாட்டேன். கேஸ் நிரப்பிய ஷாக்கில் துளை போட்டால் அந்த கேஸ் போய்விடும். அதைத் திரும்ப நிரப்புகிற வசதி தெருப்பட்டறையில் இருக்காது.

பனமலை, ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலுக்கும் அங்கே சுவரில் மிஞ்சியிருக்கும் பார்வதி ஓவியத்துக்கும் பேர்போன ஊர். ஓவியம் பார்க்க வருகிறவர்கள் காரை எந்தச் சரிவில் வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு மலையேறலாம். ஜாக்கி வைக்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கிராமத்து வாசல் மண்தரை. பார்க்கச் சமமாக இருக்கும், பாரம் ஏறினால் ஜாக்கியின் கால் புதையும். கெட்டியான மரப்பலகையை அடியில் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்துப் பாரத்தை அதில் இறக்குங்கள். ஹாலோ பிளாக்கும் செங்கலும் ஆகவே ஆகாது. விரிசல் விட்டு எச்சரிக்காமல் சட்டென்று நொறுங்கும். பின்சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக், பிறகு வண்டியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடினால் முதலிலிருந்து.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஸ்டெபிலைசர் லிங்க் எது எது ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கிறதோ அதை விடுவியுங்கள். ஸ்ட்ரட்டை, சக்கரம் மாட்டியிருக்கும் நக்கிளோடு பிடித்திருப்பவை இரண்டு பெரிய போல்ட்டுகள். துருவேறிக் கிடக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து வைத்தால் காலையில் வசவு குறையும். கழற்றுவதற்கு முன் போல்ட் தலை எந்த நிலையில் இருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, போனில் படமும் எடுங்கள். சில வண்டிகளில் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பதே அந்த போல்ட்தான். போல்ட் உருவியதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும். சாய விட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும், பிரேக் ஹோஸ் தொங்கும். கம்பி போட்டுக் கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. கடைசியாக மேலே உள்ள சின்ன நட்டுகள். கீழே ஒருவர் ஸ்ட்ரட்டைத் தாங்கிப் பிடிக்க, மேலே இன்னொருவர் கழற்ற வேண்டும்.

இதுவரை எல்லாமே வீட்டு வேலை. இதற்கு மேல், ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்கிற ஒரு கால் மணி நேர வேலையை மட்டும் நான் வீட்டில் செய்வதில்லை. ஸ்பிரிங்கை அமுக்கும் கொக்கிக் கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதன் திருகு மரை எப்போது உருவிக்கொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நடு நட் இறுக்கமாக இருக்கும்வரை கழற்றிய ஸ்ட்ரட் சாதுவான சாமான். ஆளுக்கு ஒன்றாகச் சாக்கில் கட்டி, புது ஷாக், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அன்னியூர் வழியாக விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம்.

பட்டறையில் தரையோடு போல்ட் அடித்த கம்ப்ரசர் இருந்தது. மெக்கானிக் ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் கொக்கியை மாட்டி மெல்ல அமுக்கினார். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தடவை ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது தட்டை விட்டு விலகி லொடலொடவென்று சுற்றிய பிறகுதான் நடு நட்டில் ஸ்பானர் விழுந்தது. வெளியே வந்த பழைய ஷாக்கின் தண்டை என் மருமகன் இழுத்துப் பார்த்தான். பாதித் தூரம் தடையே இல்லாமல் வந்தது. “இத்தன நாள் இதுலயா மாமா ஓட்டினாங்க?” என்று கேட்டான். அக்கா வீட்டுக்காரர் வண்டி அது. பதிலை அவரிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.

புது ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக அமுக்கி இழுத்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே சேர்ந்திருக்கும் காற்றுக் குமிழி அப்போதுதான் போகும். அதன் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்க விடாதீர்கள். குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஆயில் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்கின் அடிமுனை கீழ்த்தட்டில் உள்ள படியில் முட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். பட்டறையில் அவசரத்தில் தவறுவது அதுதான்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். நட்டுகளைப் புதிதாகப் போட்டு, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்.

பின்பக்கத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நிறைய சின்னக் கார்களில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக்கின் அடி போல்ட்டைக் கழற்றி, மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்; கம்ப்ரசர் தேவையில்லை. ஜாக்கி கொடுக்காமல் போல்ட்டை உருவினால் மட்டும் ஆக்ஸில் சட்டென்று விழும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நின்று பாரம் ஏறிய பிறகு கடைசியாக முடுக்குங்கள். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முதல் ஓட்டமே வீல் அலைன்மென்ட் கடைக்குத்தான் இருக்கட்டும். புது ஸ்பிரிங் போட்டதில் வண்டி கொஞ்சம் உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டையும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு நக்கிள் போல்ட்டுகளை இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள். நடு நட்டையும் பார்க்கலாமா என்று மருமகன் கேட்டான். முடுக்கும் பக்கம் மட்டும் பார்க்கலாம்.

(அடுத்த வாரம்: லோயர் ஆர்ம் புஷ்)