மிசோரம் கிராமங்களில் பொதுக் கட்டடம் எழுவது எப்படி? கூலியில்லாக் கூட்டு உழைப்பு ‘ஹ்னாத்லாங்’ குறித்து ஒரு விளக்கம்

ஐஸ்வால்: சமுதாயக் கூடம் கட்டுவது, ஊர்ப் பாதையைச் சீரமைப்பது, குடிநீர் ஊற்றைத் துப்புரவு செய்வது போன்ற பணிகளுக்கு மிசோரமின் பழங்குடியினக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவர் கூலியின்றி வேலைக்கு வருகின்றனர். ‘ஹ்னாத்லாங்’ என மிசோ மொழியில் அழைக்கப்படும் இவ்வழக்கம் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

ஹ்னாத்லாங் என்றால் என்ன?

ஊருக்குப் பொதுவான வேலையை ஊரார் அனைவரும் சேர்ந்து செய்வதே ஹ்னாத்லாங். வேலை நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். முற்காலத்தில் ஊர் அறிவிப்பாளர் குரல் கொடுத்துச் சொன்ன செய்தியை இன்று ஒலிபெருக்கி சொல்கிறது. தன்னலம் கருதாமல் பிறருக்கு உதவுவதைக் கடமையாகக் கொள்ளும் ‘த்லோம்ங்கைனா’ என்ற மிசோ அறநெறியே இதன் அடித்தளம்.

முதல் பொதுக் கட்டடம் எது?

ஊர்த் தலைவர்கள் ஆண்ட காலத்தில், தலைவரின் இல்லத்துக்கு அருகில் ‘ஜோல்புக்’ என்ற பெரிய கூடம் இருந்தது. மரம், மூங்கில், புல் ஆகியவற்றைக் கொண்டு ஊராரே அதைக் கட்டினர். திருமணமாகாத இளைஞர்கள் இரவில் அங்கு தங்கினர். சிறுவர்கள் விறகு சேகரித்துக் கொடுத்தனர். தீ விபத்து, நோய், மரணம் என எது நேரினும் உதவிக்கு ஆட்கள் அங்கிருந்தே புறப்பட்டனர். பள்ளிக் கல்வியும் கிறிஸ்தவமும் பரவியதால் ஜோல்புக் 1930-களில் மறைந்தது. 1935 ஜூன் 15-இல் தொடங்கப்பட்ட இளைஞர் சங்கம், இன்று ‘யங் மிசோ அசோசியேஷன்’ என்ற பெயரில் அதன் பணிகள் பலவற்றை ஏற்றுள்ளது. ஊரில் ஒருவர் இறந்தால் கல்லறைக்குக் குழி தோண்டுவதும் சங்க இளைஞர்களே.

இது கட்டாய உழைப்பு ஆகாதா?

ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளின் சுமைகளைத் தூக்க மலைவாழ் மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். அங்கு வேலையை முடிவு செய்தவரும் பயனடைந்தவரும் வெளியார். ஹ்னாத்லாங்கில் முடிவும் ஊருடையது, பயனும் ஊருக்கே. லுஷாய் மலை மாவட்டக் கிராமக் கவுன்சில் சட்டம், 1953, இப்பணியை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் கிராமக் கவுன்சில்களுக்கு வழங்கியது. ஊர்த் தலைவர்களின் உரிமைகளைக் கையகப்படுத்தும் சட்டம் 1954-இல் வந்தது. அதன் பின்னரும் தலைவர்களோடு சேர்ந்து இவ்வழக்கம் மறைந்துவிடவில்லை.

அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. எனினும், மதம், இனம், சாதி, வகுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் பாகுபாடு காட்டாமல், பொது நோக்கத்துக்காகக் கட்டாயப் பணி விதிக்க அரசை அது அனுமதிக்கிறது.

இன்றைய சவால் என்ன?

மூங்கிலும் புல்லும் அருகிலிருந்த காட்டில் கிடைத்தன. சிமென்ட், கம்பி, தகரம் ஆகியவற்றைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். செங்குத்தான பாதையில் மேலேற்றுவதும் கடினம். இதனால் ஊராரின் உழைப்பு மட்டும் போதுமானதாக இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரமில் 52 சதவீதம் பேர் நகரங்களில் வசிக்கின்றனர். இளைஞர்கள் வெளியேறிய கிராமத்தில் வீட்டுக்கு ஒருவரைத் திரட்டுவது எளிதன்று. ஒரு நாள் கூலியை இழப்பது வசதியுள்ள குடும்பத்துக்குச் சிறிய விஷயம். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு அது அன்றைய உணவு. இச்சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வரையே, ஹ்னாத்லாங் ஊராரின் விருப்பப் பணியாக நீடிக்க முடியும்.