கரையொதுங்குபவை யாவும் குப்பையல்ல

'கரையொதுங்கியது' என்ற சொல் நமது செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் ஒன்றாகும். ஒரு நாள் இறந்த கடலாமை, மற்றொரு நாள் டொல்பின், பிறிதொரு நாள் எந்த நாட்டுடையதென்று தெரியாத மிதவை. நான்கு வரிச் செய்தியாக அதனைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். கரையிலேயே அதனைக் காண்பவர்களும் பெரும்பாலும் இரண்டிலொன்றையே செய்கின்றனர். பயன்படக்கூடியதாயின் வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றனர். பயன்படாததாயின் விட்டு விலகுகின்றனர். ஆனால், கடல் கரையில் விட்டுச் செல்லும் ஒவ்வொன்றும் தான் எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்பதற்கான தடயத்தையும் தன்னுடன் கொண்டு வருகின்றது. தீவொன்றில் வாழும் நாம் அத்தடயத்தை வாசிக்கக் கற்றுக்கொள்வது வெறும் பொழுதுபோக்கல்ல. நமது கடலுக்கு இழைக்கப்படும் தீங்குக்கு நியாயம் கேட்பதற்கும் அதுவே ஆதாரமாகின்றது.

இலங்கையைச் சூழ்ந்த கடலின் நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறும் தன்மையுடையது. தென்மேல் பருவக்காற்று வீசும் காலத்தில் அரபிக் கடலின் நீர் நாட்டின் தெற்கைச் சுற்றிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வங்காள விரிகுடாவின் நீர் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி மேற்கு நோக்கித் திரும்புகின்றது. சோளகம், கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயரிட்டு வாழ்ந்த நமது கடற்றொழிலாளருக்கு இது புதிய செய்தியல்ல. 2025 ஜனவரியில் வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் கடற்கரையில் வீடு போன்ற மிதவையொன்று ஒதுங்கியபோது பலரும் அதனை மர்மப் பொருளாகவே பார்த்தனர். வாடைக்கால நீரோட்டத்தை அறிந்தவர்களுக்கோ, அது வங்காள விரிகுடாவின் கிழக்குக் கரைப் பக்கத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்து சமுத்திரத்தின் தீவுகளில் இவ்வாறு வந்து சேர்ந்த பொருள்களுள் மிகப் புகழ்பெற்றது கடல் தேங்காய் ஆகும். இரட்டைத் தேங்காய் போன்ற தோற்றமுடைய இக்காய், மாலைதீவின் கரைகளில் எப்போதாவது ஒதுங்கியது. மரத்தைக் கண்டவர் எவருமில்லாததால், அது கடலின் அடியில் வளரும் மரத்தின் காய் என்றே உலகம் நம்பியது. கண்டெடுத்தவர் அதனை மன்னரிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற விதியும் மாலைதீவில் இருந்தது. சீஷெல்ஸ் தீவுகளில் மட்டுமே இம்மரம் இயற்கையாக வளர்கின்றது என்பது 1768ஆம் ஆண்டிலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. உயிருள்ள காய் நீரில் மிதப்பதில்லை; உள்ளீடு அழுகி ஓடு வெறுமையான பின்னரே அது மிதந்து நெடுந்தூரம் செல்லும். அவ்வெற்று ஓடே சைவத் துறவியின் கையில் திருவோடாகவும், பக்கீர்மாரின் கையில் கஷ்கூல் என்னும் இரவற் பாத்திரமாகவும் அமைந்தது. ஒரே கடல் தந்த ஒரே ஓட்டை இரு மரபினரும் ஏந்தியிருக்கின்றனர்.

கரையொதுங்கிய பொருளொன்று பெரும் துயரமொன்றின் முதற் சாட்சியாக அமைந்த நிகழ்வையும் இச்சமுத்திரம் கண்டுள்ளது. 2014 மார்ச் 8ஆம் திகதி 239 பேருடன் காணாமற்போன எம்.எச்.370 விமானத்தைத் தேடி நாடுகள் பல கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பின. எதுவும் கிடைக்கவில்லை. 2015 ஜூலை 29ஆம் திகதி, ரியூனியன் தீவில் கடற்கரையைச் சுத்தம் செய்து கொண்டிருந்த தொழிலாளர்களின் கண்ணிலேயே அவ்விமானத்தின் இறக்கைப் பகுதியொன்று பட்டது. கப்பல்களின் அடியில் ஒட்டி வளரும் கொட்டலசுகள் அதன்மீது படர்ந்திருந்தன. அவற்றின் வளர்ச்சியைக் கொண்டு அது மிதந்த காலத்தையும் கடந்து வந்த நீரின் வெப்பத்தையும் அறிய ஆய்வாளர்கள் முயன்றனர். அத்தொழிலாளர்கள் அதனைப் பழைய இரும்பென்று தள்ளிவிட்டிருந்தால், உறவுகளை இழந்த குடும்பங்களுக்குக் கிடைத்த அந்த முதற் சான்றும் கிடைக்காமற் போயிருக்கும்.

நமது நாட்டுக்கு இப்பாடத்தைக் கற்பித்தது எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலாகும். 1,486 கொள்கலன்களுடன் கொழும்புக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த அக்கப்பலில் 2021 மே 20ஆம் திகதி தீ பரவியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. இத்தகைய மணிகள் கடலில் கலந்த சம்பவங்களுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவெனக் கருதப்படுகின்றது. நீர்கொழும்பு உள்ளிட்ட மேற்குக் கரையோரத்தில் மீன்பிடி தடைப்பட்டு, அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பங்கள் முடங்கின. அதனைத் தொடர்ந்து கடலாமைகளின் உடல்கள் கரையொதுங்கத் தொடங்கின. 2025 ஜூலை 24ஆம் திகதி நமது உயர் நீதிமன்றம், ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தப்பட வேண்டுமெனத் தீர்ப்பளித்தபோது, 417 ஆமைகள், 48 டொல்பின்கள், 8 திமிங்கிலங்கள் ஆகியவற்றின் இறப்பு அதில் குறிப்பிடப்பட்டது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. கப்பல் எதுவும் எரியாத ஆண்டுகளிலும் ஆமைகள் இறந்து ஒதுங்குவதுண்டு. வலையில் சிக்கி மூழ்கியவை, இயந்திரப் படகின் விசிறியில் வெட்டுண்டவை, பிளாஸ்டிக் பையை ஜெலிமீன் என நினைத்து விழுங்கியவை எனப் பல காரணங்கள் உள்ளன. துடுப்பைச் சுற்றியுள்ள கயிற்றுத் தழும்பும் ஓட்டில் விழுந்த வெட்டும் இறப்பின் காரணத்தை உணர்த்தக்கூடியவை. வழமையாக ஒதுங்குபவை எத்தனை என்ற பதிவு இருந்தால் மட்டுமே வழமைக்கு மாறாக ஒதுங்கியவை எத்தனை என்று வாதிட முடியும். எவரும் அறியாமல் மணலில் புதைக்கப்படும் ஆமை எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. கணக்கில் இல்லாத இழப்புக்கு இழப்பீடு கேட்க எவராலும் இயலாது.

இது முடிந்துபோன கதையுமல்ல. 2025 மே 25ஆம் திகதி கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே தென்னிந்தியக் கரைகளிலும் நமது வடக்குக் கரைகளிலும் வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. பருப்பளவேயுள்ள இம்மணிகளை மீனும் பறவையும் முட்டையென எண்ணி விழுங்குகின்றன. மக்கள் மிகக் குறைவாகவே வாழும் தீவுகளும் இத்தீங்கிலிருந்து தப்பவில்லை. அவுஸ்திரேலியாவுக்குரிய கோகோஸ் தீவுகளின் கரைகளில் 41 கோடியே 40 இலட்சம் குப்பைத் துண்டுகள் இருப்பதாக 2019இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அங்கு வெற்றுப் போத்தல்களுக்குள் நுழைந்து வெளியேற முடியாமல் துறவி நண்டுகள் இலட்சக்கணக்கில் மடிவதாக மற்றோர் ஆய்வு கூறியது.

இத்துறவி நண்டுக்குச் சொந்தமாக ஓடு இல்லை. இறந்த சங்கின் அல்லது சிப்பியின் வெற்று ஓடே அதன் வீடு. எனவே, கடற்கரைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஓரிரண்டு சோகிகளையோ கணவாய் ஓட்டையோ எடுத்து வருவதில் தவறில்லை. பை நிறைய அள்ளி வருவது பிறிதோர் உயிரின் வீட்டைப் பறிப்பதாகும். உயிருள்ள சங்கினத்தைத் தொடவே கூடாது. கூம்பு வடிவச் சங்குகள் சிலவற்றின் நஞ்சு மனிதரையும் கொல்ல வல்லது. இறந்ததெனத் தோன்றும் ஜெலிமீனும் கொட்டும். அடையாளம் தெரியாத உலோகப் பொருளையோ இரசாயனப் பீப்பாயையோ அசைக்காமல் விலகிச் சென்று பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும். போரைக் கண்ட மண்ணில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

விலங்கொன்று ஒதுங்கியிருந்தால் அது உயிருடன் உள்ளதா என்பதையே முதலில் கவனிக்க வேண்டும். 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கு மேற்பட்ட திமிங்கிலங்கள் தரைதட்டியபோது, கடற்படையினரும் ஊர் மக்களும் இரவிரவாக உழைத்து அவற்றுள் பெரும்பாலானவற்றை மீண்டும் கடலுக்கு அனுப்பினர். உயிரற்றதாயின், இடத்தையும் நாளையும் குறித்துப் படமெடுத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கோ கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபைக்கோ தெரிவித்தல் நன்று. இறைச்சிக்காகவோ ஓட்டுக்காகவோ கடலாமையை எடுப்பது சட்டப்படி குற்றமாகும்.

அதிகாரிகளும் தம் பங்கை நிறைவேற்ற வேண்டும். தகவல் தரும் கடற்றொழிலாளரைச் சந்தேக நபராக நடத்தினால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். வடக்கு, கிழக்கு, புத்தளம் கரையோர மக்களுக்கு அவர்களது மொழியிலேயே முறையிடும் வசதி இருத்தல் வேண்டும். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் மாதம் ஒருமுறை தன் கடற்கரையில் ஒதுங்கியவற்றைக் குறித்து வைக்குமாயின், பத்தாண்டுகளில் அது விலை மதிக்க முடியாத ஆவணமாகும். அதற்குத் தேவைப்படுவது ஒரு குறிப்பேடும் பேனையுமே.

கடலில் எங்கோ நிகழும் தவறுகளை நாம் நேரில் காண்பதில்லை. அவற்றின் சான்றுகளை அலைகள் நமது வாசலுக்கே கொண்டு வருகின்றன. அவற்றை எண்ணி எழுதி வைக்கும் ஊரின் குரலை நீதிமன்றமும் கேட்டே ஆக வேண்டும்.